உடைத்துப் பார்த்தால் தெரியும்

திருகோணமலை லிங்கநகரில் வீட்டு வளவுக்குள் ஓர் உலை போட்டு, பொழுதுபோக்காகக் கத்தி அடிக்கத் தொடங்குகிறவர் கையில் முதலில் அகப்படுவது அநேகமாகப் பழைய லொறி ஸ்பிரிங் பட்டையாகத்தான் இருக்கும். பழைய இரும்புக்கடையில் எடைக்குக் கிடைக்கிறது. நல்ல உருக்கு என்று எல்லோரும் சொல்கிறார்கள். சிரட்டைக்கரி எரிகிறது, ஹெயார் ட்ரையர் காற்று ஊதுகிறது, தண்டவாளத் துண்டொன்று பட்டடையாகிறது. சில பின்னேரங்களுக்குள் பட்டை கத்தியின் உருவத்துக்கு வந்துவிடும். அடுத்த வேலை தோய்ச்சல். திருகோணமலையில் கடல்நீருக்கா பஞ்சம்? உப்புத்தண்ணியில் தோய்த்தால் இரும்பு கூடுதலாக இறுகும் என்று யாராவது ஒருவர் சொல்லியும் இருப்பார். செக்கச்சிவந்த கத்தி வாளிக்குள் போகிறது. சீறல் அடங்குகிற நேரத்தில் தண்ணீருக்கு அடியிலிருந்து ‘டிங்’ என்று மெல்லிய சத்தம் ஒன்று கேட்கும். எடுத்துப் பார்த்தால் கூர்ப்பக்கத்திலிருந்து முதுகை நோக்கி ஒரு வெடிப்பு ஓடியிருக்கும்.

சொன்னவர் சொன்னது பொய்யல்ல. சிக்கலே அதில்தான் இருக்கிறது.

பழுக்கக் காய்ச்சிய இரும்பை நல்ல தண்ணீரில் தோய்த்ததும் அதைச் சுற்றி ஆவித் திரை ஒன்று எழும்பும். ஆவி வெப்பத்தை மெதுவாகத்தான் கடத்தும் என்பதால், முதற் சில கணங்களுக்கு இரும்பு நாம் நினைக்கிற வேகத்தில் ஆறுவதில்லை. கடல்நீரிலோ லீற்றருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருக்கிறது. இரும்பைத் தொட்ட நீர் ஆவியாக, உப்பு மிகச் சிறிய பளிங்குகளாக அதன்மேல் படிந்து அந்தச் சூட்டிலேயே வெடித்துச் சிதறும். அந்தச் சிதறல் ஆவித் திரையைக் கிழித்துவிடும். தண்ணீர் நேரே இரும்பைத் தொடும். ஆகவே உப்புநீர் நன்னீரைவிட வேகமாக வெப்பத்தை உறிஞ்சுகிறது. வேகமாக ஆறினால் கூடுதலாக இறுகும் என்பதும் உண்மை. ஆனால் எந்த உருக்கு, எவ்வளவு வேகத்தைத் தாங்கும் என்று கேட்க வேண்டியிருக்கிறது.

இரும்பின் அணுக்கள் அறை வெப்பநிலையில் ஓர் ஒழுங்கிலும் செஞ்சூட்டுக்கு மேலே வேறோர் ஒழுங்கிலும் அடுக்கப்பட்டிருக்கின்றன. தூய இரும்பில் இந்த மாற்றம் 912 பாகை செல்சியசில் நடக்கும். காபன் கலந்த உருக்கில் 727 பாகையிலேயே தொடங்கிவிடும். மேலேயுள்ள ஒழுங்கில் அணுக்களுக்கு இடையே காபன் உட்காரத் தாராளமாக இடம் உண்டு. கீழேயுள்ள ஒழுங்கில் அந்த இடம் இல்லவே இல்லை என்று சொல்லலாம். உருக்கு மெல்ல ஆறினால் காபன் அணுக்கள் ஆறுதலாக வெளியேறி, இரும்போடு சேர்ந்து தனி அடுக்குகளாகப் படியும். உருக்கு மென்மையாக இருக்கும். சட்டென்று ஆறினால் வெளியேற நேரமில்லை. அணுக்களின் ஒழுங்கு மாறுகிறது, காபனோ உள்ளே சிக்கிக்கொள்கிறது. நெருக்கப்பட்டு முறுக்கேறி நிற்கும் அந்த அமைப்புக்கு ஜெர்மன் உலோகவியலாளர் அடோல்ப் மாட்டென்சின் பெயரால் மாட்டென்சைட் என்று பெயர். கத்தியின் கடினம் முழுவதும் இதுதான்.

இந்த மாற்றத்தில் உருக்கின் கனவளவு ஏறத்தாழ 4 சதவீதம் பெருக்கிறது. முதலில் ஆறுகிற மேற்றோல் முதலில் இறுகிவிடும். உள்பகுதி பிந்தி ஆறி, பிந்திப் பெருக்கும்போது ஏற்கெனவே இறுகி நொறுங்கும் நிலையில் இருக்கிற தோலை வெளியே தள்ளும். தோல் இழுபட முடியாமல் வெடிக்கிறது. வாளிக்குள் கேட்ட சத்தம் அதுதான். ஸ்பிரிங் பட்டையில் பொதுவாக 0.5 முதல் 0.6 சதவீதம் வரை காபனும், அதோடு குரோமியமோ சிலிக்கனோ மங்கனீசோ கொஞ்சமும் இருக்கும். குரோமியமும் மங்கனீசும் காபனின் வெளியேற்றத்தைத் தாமதப்படுத்துகின்றன. அதனால் அந்த உருக்கு எண்ணெயில் மெதுவாக ஆறினாலே முழுதாக இறுகிவிடும். தண்ணீரின் வேகம் அதற்குத் தேவையே இல்லை. கடல்நீரின் வேகம் சொல்லவே வேண்டாம். இங்கே தேங்காயெண்ணெயே போதும். 50, 60 பாகைக்குச் சுட வைத்துக்கொண்டால் எண்ணெய் இளகி, இரும்பைச் சுற்றி நன்றாக ஓடும். வாகனத்திலிருந்து வடித்த கழிவெண்ணெயைப் பயன்படுத்துகிறவர்கள் கனபேர். அதன் புகையில் என்னென்ன இருக்கிறது என்று யோசித்தால் தேங்காயெண்ணெய் விலை பெரிதாகத் தெரியாது.

ஆனால் எல்லாப் பழியையும் தண்ணீர்மேல் போட்டுவிட்டு எழும்பிவிட முடியாது. வெடித்த இடத்தில் கத்தியை உடைத்து, உடைந்த முகத்தைப் பார்க்க வேண்டும். அநேகமான தருணங்களில் தவறு வாளியில் நடந்திருக்காது. அதற்கு முன்பே, உலையில், நல்ல வெயில் வெளிச்சத்தில் நடந்து முடிந்திருக்கும்.

சூடான பொருள் ஏறத்தாழ 525 பாகையில் இருட்டில் மங்கிய சிவப்பாக ஒளிரத் தொடங்கும் என்று 1847இல் ஜோன் வில்லியம் டிரேப்பர் கண்டு சொன்னார். இருட்டில் என்பதுதான் முக்கியம். மாசி பங்குனி மாத மதிய வெயிலில் 700 பாகையில் இருக்கும் இரும்பு வெறும் கறுப்பாகத் தெரியும். இன்னும் காயவில்லையே என்று காற்றைக் கூட்டி, கண்ணுக்குச் சிவப்புத் தெரியும்வரை வைத்திருந்தால் அது 900, 1,000 பாகையைத் தாண்டியிருக்கும். நம்மூர்க் கம்மாலைகள் கூரை தாழ்ந்து, உள்ளே இருண்டு கிடப்பதற்கு வசதிக்குறைவு ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் அந்த இருட்டுத்தான் கொல்லரின் வெப்பமானி. மாமரத்து நிழல் போதாது. தகரம் ஒன்றாவது போட்டு மூன்று பக்கமும் மறைக்க வேண்டும்.

கண்ணைத் தவிர வேறு சில கருவிகளும் உண்டு. இரும்பு 770 பாகையில் காந்தத்துக்கு ஒட்டாமல் போகும். பியர் கியூரி 1895இல் ஆராய்ந்த விடயம் இது. கம்பியில் கட்டிய ஒரு காந்தத்தை உலைக்குப் பக்கத்தில் தொங்கவிட்டால் போதும். பட்டை அதில் ஒட்டாத கணத்தில் வேண்டிய சூட்டுக்கு மிக அருகில் வந்துவிட்டோம். இதற்கு அடுத்த படி நமக்கு இன்னும் வசதியானது. சாப்பாட்டு உப்பு உருகுவது 801 பாகையில். நிலாவெளி உப்பளத்து உப்பில் ஒரு சிட்டிகையைக் காய்ந்த பட்டையின்மேல் தூவினால், உருகாமல் குதித்தால் இன்னும் காயவேண்டும். உருகித் தெளிந்த நீராகப் பரவினால் 801ஐத் தாண்டியாயிற்று. ஸ்பிரிங் பட்டையை எண்ணெயில் தோய்ப்பதற்கு அதைவிடச் சற்று மேலே, 830 பாகை அளவு போதும். வாளியில் கெடுதல் செய்த அதே உப்பு, உலையில் அளவுகோலாகிவிடுகிறது.

பொழுது சாய்ந்த பிறகு உலையருகில் இருப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்கலாம். சிவந்து வரும் பட்டையின் நடுவே நிழல் போன்ற ஓர் இருட்டுக் கோடு தோன்றி, மெதுவாக நகர்ந்து மறையும். அணுக்களின் ஒழுங்கு மாறுவதற்கே வெப்பம் செலவாகிறது. மாறும் இடம் அந்தக் கணத்தில் அக்கம்பக்கத்தைவிடச் சற்றுக் குறைவாக ஒளிர்கிறது. நிழல் முழுதாகக் கடந்துவிட்டதென்றால் பட்டை முழுவதும் மாறிவிட்டது என்று பொருள். இதை ஒருமுறை பார்த்தவருக்குக் காந்தம் அவ்வளவாகத் தேவைப்படாது.

இனி உடைத்துப் பார்க்கும் வேலை. ஒரே ஸ்பிரிங் பட்டையிலிருந்து விரல் அகலத்தில் மூன்று துண்டுகள் வெட்டிக்கொள்ள வேண்டும். முதலாவதை மஞ்சளாக ஒளிரும்வரை காய்ச்சி எண்ணெயில் தோய்க்கிறோம். இரண்டாவதைக் காந்தம் விட்டு, உப்பு உருகும் அளவுக்கு மட்டும் காய்ச்சித் தோய்க்கிறோம். மூன்றாவதை முதலாவதைப் போலவே மஞ்சளாகக் காய்ச்சிவிடுகிறோம். ஆனால் தோய்க்காமல், சிவப்பு அடங்கும்வரை காற்றில் ஆறவிட்டு, மறுபடி காந்தம் விடும் அளவுக்குக் காய்ச்சி மறுபடி ஆறவிட்டு, இப்படி மூன்று முறை செய்த பிறகுதான் தோய்க்கிறோம். பிறகு ஒவ்வொன்றாக வைஸில் இறுக்கி, மேலே பழந்துணி போட்டு, கண்ணாடி அணிந்துகொண்டு சுத்தியலால் ஓர் அடி. இறுகிய உருக்குச் சில்லு கண்ணில் பட்டால் அப்புறம் இந்தக் கட்டுரைக்கு வேலையில்லை.

முதல் துண்டு சிறிய அடிக்கே உடையும். உடைந்த முகம் சீனியைத் தூவியதுபோல மணிமணியாக மினுங்கும். ஒவ்வொரு மினுக்கமும் ஒரு தனிப் பளிங்கின் முகம். அளவுக்கு மீறிய சூட்டில் சிறு பளிங்குகளை விழுங்கிப் பெரிய பளிங்குகள் வளர்ந்துவிட்டன. இரண்டாவது துண்டு கொஞ்சம் எதிர்த்து நின்றுதான் உடையும்; அதன் முகத்தில் மினுக்கமே இல்லாமல், ஒரே சீரான சாம்பல் நிறம். வெறுங்கண்ணுக்கு மணிகள் தெரியவே மாட்டா. மூன்றாவது துண்டுதான் வேடிக்கை. முதலாவது பட்ட அதே கெடுதலைப் பட்டது அது. ஆனால் முகமோ இரண்டாவதைப் போலவே சாம்பலாக இருக்கும்.

செப்பையோ அலுமினியத்தையோ அளவுக்கு மீறிக் காய்ச்சிப் பளிங்குகளைப் பெருக்க விட்டால், பிறகு வெறுமனே காய்ச்சி ஆறவைத்து அவற்றைச் சிறிதாக்க வழியில்லை. அடித்து நசுக்கித்தான் ஆகவேண்டும். இரும்புக்கு மட்டும் ஒரு சலுகை. அந்த 727 பாகையை ஒட்டிய எல்லையைக் கடக்கும் ஒவ்வொரு தடவையும் பழைய பளிங்குகளின் விளிம்புகளில் புதிய ஒழுங்கு முளைவிடுகிறது. ஒரு பெரிய பளிங்கைச் சுற்றிப் பல சிறு முளைகள். மேலே ஏறும்போது ஒரு பிறப்பு, கீழே இறங்கும்போது இன்னொன்று. சூட்டை எல்லைக்குச் சற்று மேலே மட்டும் நிறுத்தினால் அந்தச் சிறு பளிங்குகள் வளர நேரம் கிடைப்பதில்லை. தோய்ப்பதற்கு முன் மூன்று முறை காற்றில் ஆறவிடுவது என்பதைச் சடங்காக நினைத்துத் தவிர்க்கிறவர்கள் உண்டு. அதைவிட மலிவான திருத்தம் உலோக வேலையில் வேறெதிலும் இல்லை என்பது என் எண்ணம்.

திருத்த முடியாத தவறும் உண்டு. சூடு இன்னும் ஏறி வெண்மையை நெருங்கினால், பளிங்குகளுக்கு இடையிலுள்ள விளிம்புகள் முதலில் உருகத் தொடங்கும். அந்த வழியாக ஒட்சிசன் உள்ளே புகுந்து ஒவ்வொரு பளிங்கையும் ஒட்சைட்டுப் படலத்தால் பிரித்துவிடும். உலையிலிருந்து மத்தாப்புப் பொறி பறந்தால் இது நடக்கிறது என்று அறியலாம். இரும்பு எரிந்துவிட்டது. சுத்தியல் பட்டதும் பொலபொலவென உதிரும். அதை எத்தனை முறை ஆறவிட்டாலும் பயனில்லை, வெட்டி எறிய வேண்டியதுதான். காபன் கூடக் கூட உருக்கு உருகத் தொடங்கும் வெப்பநிலை கீழே இறங்கும் என்பதால், அதிகக் காபனுள்ள உருக்கில் இந்த விபத்து இன்னும் சீக்கிரம் நேரும்.

ஐரோப்பாவின் மிகச் சிறந்த கொல்லர்கள் இந்தத் தவறை நம்முடைய உருக்கில்தான் செய்தார்கள். உடைந்த முகத்தைப் பார்த்து உருக்கைத் தரம்பிரிக்கும் முறையை ஒழுங்காக எழுதிவைத்த பிரெஞ்சு அறிஞர் ரியோமூர், கெய்ரோவிலிருந்து வரவழைத்த இந்திய உருக்குக் கட்டிகளைப் பாரிஸ் கொல்லர்களிடம் கொடுத்துப் பார்த்தார். ஒருவராலும் அதை அடித்து ஒரு கருவியாக்க முடியவில்லை. அவருடைய நூல் வந்தது 1722இல். கட்டியில் குறையில்லை. அதில் 1.5 சதவீதமளவு காபன் இருந்தது. குறைந்த காபனுள்ள தங்கள் இரும்பை வெண்சூட்டில் அடித்துப் பழகிய கைகள், இதையும் வெண்சூட்டுக்குக் கொண்டுபோயின, உதிர்ந்தது. தென்னாசியக் கொல்லர் அதே கட்டியைச் செஞ்சூட்டில், பொறுமையாக, சின்னச் சின்ன அடியாக அடித்தார். 650 முதல் 850 பாகைவரை என்று இன்றைய உலோகவியல் அந்தச் சூட்டுக்கு எண் கொடுக்கிறது.

அந்தக் கட்டி பிறந்த முறை ஒன்றும் மந்திரமல்ல. சிறு இரும்புத் துண்டுகளையும் ஆவாரை மரச் சிராய்களையும் களிமண் மூசைக்குள் வைத்து, வாயை மண்ணால் அடைத்து, பல மணிநேரம் உலையில் வைப்பார்கள். விறகின் காபன் இரும்புக்குள் ஏற ஏற, இரும்பின் உருகுநிலை இறங்கி வரும். கடைசியில் உள்ளே எல்லாம் உருகி ஒரே கட்டியாகும். தமிழ்நாட்டில் தென்னாற்காட்டு மேல்சிறுவளூரில் இத்தகைய மூசைச் சில்லுகளை சாரதா ஸ்ரீநிவாசன் கண்டு ஆராய்ந்தார். இலங்கையில் ஏறத்தாழ இதே முறை அழிந்துகொண்டிருந்த காலத்தில், 1903 முதல் 1906 வரை இங்கே கனிப்பொருள் ஆய்வுக்குப் பொறுப்பாக இருந்த ஆனந்த குமாரசுவாமி அதைப் பதிவுசெய்தார். 1908இல் வந்த இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய அவருடைய நூலில் அது இருக்கிறது. இங்கேயும் மூசைக்குள் போனது ஆவாரைதான்.

மைக்கேல் பரடேயின் தகப்பன் ஒரு கொல்லர் என்பதை மின்னியல் பாடம் படிக்கிற நமக்கு யாரும் சொல்வதில்லை. 1819இல் பரடே இந்திய உருக்கைப் பகுத்துப் பார்த்து, அதன் சிறப்புக்குக் காரணம் அதிலிருக்கும் அலுமினியமும் சிலிக்காவும்தான் என்று முடிவுகட்டினார். முழுத் தவறு. ஆனால் அந்தத் தவறை நம்பி, கத்தி செய்யும் ஜேம்ஸ் ஸ்டொடார்ட்டோடு சேர்ந்து, உருக்கில் வெள்ளி, பிளாட்டினம், குரோமியம், நிக்கல் என்று ஒவ்வொன்றாகக் கலந்து பார்த்தார். 1820இலும் 1822இலும் வந்த அவர்களுடைய கட்டுரைகள் கலப்புருக்கு ஆராய்ச்சியின் தொடக்கப் புள்ளிகள். காரணம் காபன்தான் என்று பாரிஸ் நாணயச்சாலையைச் சேர்ந்த பிரயன் என்பவர் அதே காலத்திலேயே சொல்லிவிட்டார். இந்திய உருக்கில் அடித்த கத்திகளில் அலையலையாகத் தெரியும் கோலம் எப்படி வந்தது என்பதற்கு இன்னும் நெடுங்காலம் காத்திருக்க வேண்டியிருந்தது. புளோரிடாவில் குதிரைகளுக்கு லாடம் அடித்துவந்த அல்பிரட் பென்ட்ரே தன் உலையில் மீண்டும் மீண்டும் கட்டி வார்த்து, அடித்து, கோலம் வராதவற்றையும் எறிந்துவிடாமல் அயோவா மாநிலப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜோன் வெர்கோவனுக்குக் கொடுத்தார். கோலம் வந்த கட்டிகளில் பத்தாயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைந்த வனேடியம் போன்ற அசுத்தங்கள் இருந்ததை 1998இல் அவர்கள் வெளியிட்டார்கள். கோலம் வராதவையும் கையில் இருந்ததால்தான் ஒப்பிட்டுப் பார்க்க முடிந்தது.

உலை என்றால் காற்றையும் பேசவேண்டும். வைகாசி முதல் ஆவணி வரை திருகோணமலையில் வீசும் கச்சான் நமக்குப் பழக்கப்பட்டது: வறண்டு, கொதித்து, கிணற்றடி வாழையையும் வாட்டிவிட்டுப் போகும். அது தென்மேற்குப் பருவக்காற்றுத்தான். மலைநாட்டில் மழையை இறக்கிவிட்டு, மறுபுறம் இறங்கும்போது சூடேறி வருகிறது. மலைநாட்டின் தென்விளிம்பில், பலாங்கொடைக்கு அப்பால் சமனலவாவியில், இதே காற்றின் முன்பகுதியைப் பிடித்து இரும்பு உருக்கியிருக்கிறார்கள். மின்னுற்பத்தி நீர்த்தேக்கம் நிரம்புவதற்கு முன் அங்கே ஆய்வு நடத்திய ஜில் ஜூலெப், குன்று விளிம்புகளில் மேற்கு நோக்கி வரிசையாக நின்ற உலைகளைக் கண்டார். பெரும்பாலானவை கி.பி. 7 முதல் 11ஆம் நூற்றாண்டு வரையுள்ளவை. துருத்தி இல்லாமல் வெறும் காற்றால் உருக்க முடியாது என்று அதுவரை அறிஞர்கள் நம்பியிருந்தார்கள். அவர் வாதாடிக்கொண்டிராமல் அதேபோன்ற உலையைக் கட்டி, பருவக்காற்றில் மூட்டிப் பார்த்தார். காற்று நேராக உள்ளே புகுந்து ஊதவில்லை. நீண்ட முன்சுவரைத் தாண்டி மேலேறும்போது உலையின் வாய்க்குமேல் அழுத்தம் குறைந்து, அடியிலுள்ள துளைகள் வழியே காற்று உள்ளே இழுபட்டது. கிடைத்தவற்றுள் காபன் மிகுந்த உருக்கும் இருந்தது. 1996 ஜனவரியில் ‘நேச்சர்’ இதழ் இதை வெளியிட்டது. 9ஆம் நூற்றாண்டில் அல்-கிந்தி வாள்களைப் பற்றி எழுதும்போது சரந்தீப் (இலங்கை) உருக்கைத் தனியாகக் குறிப்பிட்டதற்குப் பின்னால் இந்தக் குன்றுகள் இருந்திருக்க வேண்டும்.

அதற்காகக் கச்சானை நம்பி லிங்கநகரில் உலை மூட்டிவிடக் கூடாது. கிடுகு வேலிக்குப் பொறி பறந்தால் வைகாசியில் அது நிமிடங்களில் முடிந்துவிடும். சிறு உலைக்கு அதிகக் காற்று வேறு வகையிலும் கேடு. ஊதுகுழலிலிருந்து வரும் ஒட்சிசன் முதற் சில அங்குலக் கரியிலேயே எரிந்து தீர்ந்துவிட வேண்டும்; அதற்கு மேலேயுள்ள கரிப்படுக்கையில் காபனோரொட்சைட்டு நிறைந்திருக்கும், அங்கே வைத்த இரும்பு பாதுகாப்பாகக் காயும். கரியைக் கொஞ்சமாகப் போட்டு, ட்ரையரை உச்சத்தில் விட்டு, பட்டையை ஊதுகுழலின் வாய்க்கே குத்தி இறக்கினால் எரியாத ஒட்சிசன் நேரே இரும்பில் படும். மேலே கரும்பொருக்கு தட்டுத் தட்டாகக் கழலும். கூடவே தோலிலிருந்து காபனும் எரிந்து போகும். இப்படிப்பட்ட கத்தியைத் தோய்த்துவிட்டு அரத்தால் தேய்த்தால் அரம் கவ்வும். இறுகவில்லை என்று நினைத்து மறுபடி காய்ச்சி, மறுபடி தோய்த்து, மேலும் கெடுக்கிறவர்கள் பலர். கொஞ்சம் ஆழமாக அராவிப் பார்த்தால் அரம் வழுக்கத் தொடங்கும். உள்ளே நன்றாகத்தான் இறுகியிருக்கிறது. தோல்தான் வெறும் இரும்பாகிவிட்டது. அதை அரைத்தெடுத்தால் போதும். இதற்காகவே கத்தியைத் தோய்ப்பதற்கு முன் கூரைத் தாளாக மெலித்துவிடக் கூடாது.

எந்த இரும்பை எடுப்பது என்பதிலும் துறைமுக ஊரில் கவனம் வேண்டும். கப்பல் தகடும் கட்டடக் கம்பியும் ஏராளம். இரண்டிலும் காபன் 0.2 சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கும். வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள். வெல்டிங் சூடு சட்டென ஆறும்போது மாட்டென்சைட் உண்டாகி, ஒட்டுக்குப் பக்கத்திலேயே வெடித்துவிடக் கூடாதல்லவா? ஆகவே அவற்றில் கத்தி வராது. எதில் தோய்த்தாலும் வராது. கொளுக்கி, கதவுத் தாழ், குறடு எல்லாம் நன்றாக வரும். நாகம் பூசிய குழாயை உலையில் வைக்கவே கூடாது. நாகம் 907 பாகையில் கொதித்து வெண்புகையாகும். சுவாசித்தவருக்கு அன்றிரவு குளிர்காய்ச்சல். இருபுறமும் அடைபட்ட குழாய் உள்ளேயுள்ள ஈரம் ஆவியாகி வெடிக்கும். போர் நடந்த மண்ணில் கிடைக்கும், இன்னதென்று தெரியாத உருளை, கோதுகளைத் தொடவே வேண்டாம். வடக்கே புல்மோட்டைக் கடற்கரையின் கறுப்பு மணலை உருக்கி இரும்பெடுக்கலாம் என்று கிளம்புகிறவர்களுக்கும் ஒரு சொல்: யப்பானியர் வாள் செய்தது மக்னடைட் மணலில். புல்மோட்டையில் இருப்பது இல்மனைட். அதில் பாதிக்கு மேல் தைத்தானியம் ஒட்சைட்டு. மாவட்டத்துக்குள்ளேயே மக்னடைட் இருக்கிறது, சேருவிலவில் 1971இல் செப்போடு சேர்த்துக் கண்டுபிடித்தார்கள். ஆனால் அது வளவு உலைக்கு எட்டும் வேலையல்ல.

கொளுக்கியிலேயே ஒரு நல்ல பாடம் இருக்கிறது. உருண்டைக் கம்பியின் நுனியைக் கூராக்க, அதைச் சுற்றிச் சுற்றி உருட்டிக்கொண்டே அடிப்பதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது. வெளியே அழகாகக் கூராகும். வெட்டிப் பார்த்தால் நடுவில் பிளந்து பொள்ளலாக இருக்கும். உருண்டையை எதிரெதிர்ப் பக்கங்களிலிருந்து நசுக்கும்போது, குறுக்கே அதன் நடுப்பகுதி இழுபடுகிறது. உருட்டி உருட்டி அடித்தால் எல்லாத் திசைகளிலும் இழுபட்டு நடு கிழிகிறது. அதனால்தான் கொல்லர்கள் முதலில் சதுரமாக்கி, சதுரமாகவே கூர்த்து, பிறகு எட்டுப் பட்டையாக்கி, கடைசியில்தான் உருண்டையாக்குவார்கள். ஜெர்மனியின் ரெம்ஷைட் நகரில் தகப்பனின் அரத் தொழிற்சாலையில் வேலைசெய்த மனெஸ்மன் சகோதரர்கள், சாய்வாக வைத்த உருளைகளுக்கு இடையே சுழலும் கம்பியின் நடுவில் இதே பிளவைக் கண்டார்கள். அதைத் தவிர்க்க வழி தேடாமல், பிளவை வேண்டுமென்றே உண்டாக்கினால் பொருத்தே இல்லாத குழாய் கிடைக்குமே என்று யோசித்து 1885இல் காப்புரிமை பெற்றார்கள். இன்றைக்கும் பொருத்தில்லாக் குழாய்கள் பலவற்றுக்கு அந்த முறைதான் அடிப்படை.

எண்ணெயில் தோய்த்து, வெடிக்காமல் வந்த கத்திக்கு இன்னும் ஒரு வேலை மிச்சம். அந்த நிலையில் அது தரையில் விழுந்தாலே உடையலாம். மறுநாள்வரை அப்படியே வைத்தால் உள்ளிறுக்கத்தாலேயே வெடிப்பதும் உண்டு. அன்றே மறுபடி இலேசாகச் சூடாக்கிப் பதம் இறக்க வேண்டும். சிக்கிக்கிடக்கும் காபனில் ஒரு பகுதி வெளியேறும். கடினம் கொஞ்சம் குறைந்து, தாங்கும் சக்தி கூடும். ஒரு பக்கத்தைப் பளபளவெனத் தேய்த்துவிட்டு முதுகுப்புறத்தைச் சூடான இரும்புக் கட்டியின்மேல் வைத்தால், நிறங்கள் முதுகிலிருந்து கூரை நோக்கி நடந்து வரும். 220, 230 பாகையில் வெளிர் வைக்கோல் மஞ்சள், 260இல் பழுப்பு, 280இல் ஊதா, 300இல் நீலம். சமையற் கத்தியின் கூருக்கு வைக்கோல் மஞ்சள் வந்ததும் நிறுத்திவிட வேண்டும். முதுகு நீலமாகப் போனால் நல்லதே. இவை இரும்பு தானாக வீசும் ஒளியல்ல. மேலே படியும் மெல்லிய ஒட்சைட்டுப் படலத்தின் இரு முகங்களிலும் பட்டுத் திரும்பும் வெளிச்சம் ஒன்றோடொன்று குறுக்கிட்டு எழுப்பும் நிறம். படலம் தடிக்கத் தடிக்க நிறம் மாறும். விரல் எண்ணெய் பட்ட இடத்தில் படலம் சீராக வளராது, நிறமும் பொய் சொல்லும். கம்மாலையின் இருட்டில் வைக்கோல் மஞ்சள் கண்ணுக்கே தெரியாமல் கடந்துபோய்விடும். தோய்ச்சலுக்குத் தகரத்தால் மறைத்துக் கட்டிய உலைக்காரர், பதம் இறக்குவதற்கு மட்டும் கத்தியைத் தூக்கிக்கொண்டு வளவின் வெளிச்சத்துக்கு வரத்தான் வேண்டும்.